கையெழுத்துக்கு முன்

நஜ்முதீன் பாய்,
நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்து.
அதற்குள் இந்தத் தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.
டைப்பிங் சென்டரில் இதையெல்லாம்
அரபியில் அடித்துத் தரமாட்டார்கள்.

ஷட்டர் இடது பக்கம் சிக்கும்.
காலால் ஓர் உதை, பிறகு தூக்க வேண்டும்.
நுஐமியாவின் இந்தச் சந்தில்
அந்தச் சத்தம் கேட்டுத்தான்
எதிர் கஃப்டேரியாவில் பால் வைக்கிறார்கள்.

பாய்லருக்கு வயது பதினொன்று.
ஐந்து என்று சொல்லியிருந்தேன்.
ஐந்து, என்னிடம் வந்த பிறகு.

வாடகை நான்கு காசோலை.
முதல் மூன்றும் தாமாகப் போய்விடும்.
நான்காவதுதான் ஆளைப் பார்க்கும்.
அது ஆகஸ்டில் விழுகிறது,
பாதி அஜ்மான் விமானம் ஏறிப் போன மாதத்தில்.
அப்போது வெளுக்க வருவது
ஏசி மெக்கானிக்குகளின் சீருடை மட்டும்,
அதுவும் மாதக் கணக்கு.
ஆகவே, பெருநாள் வாரத்தில் கல்லாவில் சேர்வதைப்
பணம் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஆகஸ்ட் கொஞ்சம் முன்னாலேயே வந்து
உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கந்தூராவுக்குக் கஞ்சி போடுவதை
ஷொஃபிகுலிடம் விட்டுவிடுங்கள்.
விரலை விட்டுப் பார்ப்பான், போதும்.
நான் அளவுக் குவளை வாங்கிக் கொடுத்து
மூன்று வாடிக்கையை இழந்தேன்.
அவன் சம்பளம் ஒன்றாம் தேதி.
ஒரு மாதம் ஏழாம் தேதி கொடுத்தேன்.
அவன் எதுவும் சொல்லவில்லை.
அந்த வாரம் முழுக்கக்
காலர்கள் கொஞ்சம் தூங்கின.

கடன் நோட்டு நீல அட்டை போட்டது.
பதினான்காம் வில்லா அம்மா மறப்பார், ஆனால் தருவார்.
'நாளைக்கு' என்று சிரித்தபடி சொல்கிற சேல்ஸ்மேன்
சிரிக்காமல் சொன்னால்
வேலை போயிருக்கிறது என்று பொருள்.
பாக்கி கேட்காதீர்கள்.
சட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்,
இன்டர்வியூவுக்கு வேண்டும்.
அப்படி அனுப்பிய மூவரில்
இருவர் திரும்பி வந்து தந்தார்கள்.
மூன்றுக்கு இரண்டு.
எந்தச் சீட்டும் நமக்கு இப்படித் திரும்பியதில்லை.

வேனில் வந்து வீட்டிலேயே வாங்கிப்போகும்
ஆப்காரர்கள் முப்பது சதவீதம் குறைப்பார்கள்.
நீங்கள் குறைக்காதீர்கள்.
பட்டன் தையுங்கள், காசு வாங்காமல்.
ஊசிநூல் கல்லாவுக்குள் வலப்பக்கம்.

இனி சொல்ல வேண்டியது.

மாதம் ஒன்பதாயிரம் திர்ஹம் நிற்கும் என்றேன்.
பொய்யில்லை.
கணக்கில் ஒரு வரி மட்டும் இல்லை.
காலை ஆறரை முதல் இரவு பதினொன்று வரை
இந்தக் கவுண்டரில் நிற்கும் ஓர் ஆளுக்கு
என்ன சம்பளம் தரவேண்டியிருக்கும் என்று
பதிமூன்று வருடத்தில் முதல்முறையாக
நேற்றிரவுதான் கூட்டிப் பார்த்தேன்.
நாலாயிரம் வந்தது,
ஓவர்டைம் சேர்க்காமலே.
ஆக, கடை சம்பாதித்தது ஐந்துதான்.
மீதி, நான் எனக்கே தராமல் விட்ட பாக்கி.
நீல நோட்டைப் புரட்டினேன்.
அதில் என் பெயருக்குப் பக்கம் இல்லை.

இதைப் படித்ததும் விலையைக் குறைப்பீர்கள்.
குறையுங்கள்.
ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம்,
மகள் காலேஜ் ஃபீஸை
இந்தத் தொகையை வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.
முதல் மாதமே சம்பளத் தாளில்
உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள்,
ஷொஃபிகுலுக்குக் கீழே.

மேல் கம்பியில் இருபத்தேழு உருப்படி,
யாரும் எடுக்க வராதவை.
'மூன்று மாதத்துக்குப் பின் பொறுப்பல்ல' என்று
பலகையில் இருக்கிறது; அதைப் பார்த்துக்கொண்டே
தூசி தட்டி வைத்திருக்கிறேன்.
டேக் 0418, திராட்சைநிறக் கோட்டு:
பெஷாவரிலிருந்து ஒருமுறை போன் வந்தது,
விற்றுவிட வேண்டாம் என்று.
அதைக் கடை விலையில் சேர்க்கவில்லை.

வரும்போது ஸ்டாம்ப் பேட் ஒன்று கொண்டுவாருங்கள்.
என்னுடையது காய்ந்துவிட்டது.

அமலதாஸ்